முப்பத்தெட்டாவது மர்கெல்லா

முடி வெட்டுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதிரில் யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மண்டையைப் பார்த்துவிடுவார்கள். மர்கெல்லாவுக்கு அந்தப் பழக்கம் கொஞ்சம் முற்றிப்போய் இருந்தது. பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய த்ரபெட்சோனாவில், பெண்கள் அழகு நிலையம் ஒன்றில் ஆறு வருடமாகக் கத்திரி பிடிக்கிறாள். வந்து உட்காருகிற ஒவ்வொரு தலையிலும் அவள் முதலில் தேடுவது சுழியை. அவளுக்கு உச்சியில் இரட்டைச் சுழி.

இரட்டைச் சுழிக்காரிக்கு இரண்டு கல்யாணம் என்று அந்த ஊரிலும் ஒரு பேச்சு உண்டு. செப்டம்பரில் கல்யாணம் என்று நிச்சயமானதும், மாப்பிள்ளை ஸ்டெர்கியோஸ்கூட, "நான் முதலாவதா ரெண்டாவதா, அதை மட்டும் இப்பவே சொல்லிடு" என்று கேட்டான். அவள் சிரித்துவைத்தாள். அவள் சுழி தேடியது அதற்காக இல்லை. அவள் தத்துப்பிள்ளை. தன்னைப் போல ஒரு தலை உலகத்தில் எங்காவது இருக்காதா என்றுதான் தேடினாள்.

தத்துப்பிள்ளை என்பதை அவளிடம் யாரும் மறைக்கவில்லை. பன்னிரண்டு வயதில், வீட்டுக்குக் கீழேயே இருந்த மீன் கடையில், அம்மா வாங்கெலியோ செதில் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "நீ என் வயித்துல பொறக்கல. ஹியோஸ் தீவுலேர்ந்து வந்தே. உன்னோட ஞானத்தாய் அமெரிக்காவுல இருக்கா. இதுக்கு மேல எதுவும் கேக்காத. அந்த வாளிய எடு." மர்கெல்லா வாளியை எடுத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. வாங்கெலியோ வாயைத் திறந்தால் எட்டு ஊருக்குக் கேட்கும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு போட்டிருந்தது. பூட்டை ஆட்டினால் அம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்க்க மகளுக்குப் பொறுக்காது.

கல்யாணம் என்றதும் கோயிலில் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். "நான் எடுத்துத் தர்றேன், நீ பேசாம இரு" என்று அம்மா இரண்டு வாரம் இழுத்தடித்தாள். மூன்றாவது வாரம் மர்கெல்லாவே தேடினாள். காகிதம் கிடைக்கவில்லை. புனிதர்களின் படங்களுக்குப் பின்னால் இருந்த பழைய காப்பி டப்பாவில், துணியில் சுற்றிய ஒரு தங்கச் சிலுவை கிடைத்தது.

ஞானத்தாய் தன் பிள்ளைக்குப் போடுவது ஒரே ஒரு சிலுவைதான். அது அவள் கழுத்தில் ஏற்கெனவே கிடந்தது: அமெரிக்காக்காரி போட்டதாக அம்மா சொன்ன, இலை மாதிரி மெலிந்த ஒன்று. அப்படியானால் இது யார் போட்டது? நல்ல கனம். பின்பக்கம் ஒரு நட்சத்திரம், அதன் கீழே பழம் தொங்கும் ஒரு கிச்சிலிக் கிளை. துறைமுகத்துப் பிள்ளைகள் எழுத்து படிப்பதற்கு முன்பே கப்பல் புகைபோக்கிகளில் வரைந்திருக்கும் குறிகளைப் படித்துவிடுவார்கள். நட்சத்திரமும் கிச்சிலிக் கிளையும் கலாவ்ரோஸ் குடும்பத்தின் குறி. ஹியோஸ் தீவுக்காரர்கள். இருபத்து மூன்று கப்பல்.

தன் கப்பலுக்குப் போடுகிற குறியை எவன் ஊரான் பிள்ளையின் சிலுவையில் பொறிப்பான்? மர்கெல்லா சிலுவையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடத்தில் ஒரு மனக்கோட்டை எழும்பிவிட்டது. தோட்டம், மாளிகை, முத்துமாலை போட்ட ஒரு பெண்மணி, எல்லாம் அதில் இருந்தன.

ஆனால் கோட்டைக்குள் ஒரு முள்ளும் இருந்தது. கஞ்சிக்கு வழியில்லாமல் கொடுத்தார்கள் என்றால் மன்னித்துவிடலாம். இருபத்து மூன்று கப்பல் வைத்துக்கொண்டு ஒரு குழந்தையைக் கொடுத்தார்கள் என்றால்? அப்படி என்ன குறை இருந்தது என்னிடம்? கல்யாணத்துக்கு முன்னால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். தெரியாமல் போனால் தனக்குப் பிறக்கப்போகிற குழந்தையின் தலையைக்கூடத் தன்னால் நிம்மதியாகத் தடவ முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

பணக்காரர் வீட்டு வாசலைத் தாண்டுவது எப்படி? அதற்கும் வழி இருந்தது. ஜூலை இருபத்திரண்டு புனித மர்கெல்லாவின் திருநாள். அந்தப் பெயர் வைத்திருக்கிற எல்லோருக்கும் அன்று பெயர்த் திருநாள். பெயர்த் திருநாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்தே இருக்கும். இனிப்புப் பெட்டியோடு போய் நின்றால், யார் நீ என்று யாரும் கேட்க மாட்டார்கள். கலாவ்ரோஸ் வீட்டு எஜமானியின் பெயரும் மர்கெல்லாதான். ஹியோஸில் கல்லெறிந்தால் ஒரு மர்கெல்லா மேல்தான் விழும். வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள் நாய் நிற்கிற வாசலில் அந்த ஒரு நாள் மட்டும் இனிப்புத் தட்டு நிற்கும்.

அதற்கு அவள் தன் சொந்தப் பெயர்த் திருநாளை அம்மாவிடமிருந்து பறிக்க வேண்டியிருந்தது. "ஏகினா தீவுல ஒரு கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம்மா. ரெண்டு நாள் ஆகும்."

"நாளும் கிழமையுமா? வீட்டுக்கு வர்றவங்ககிட்ட நான் என்ன சொல்ல? மர்கெல்லா இல்ல, அவ படம் மாட்டியிருக்கு, அதுக்கு வாழ்த்துச் சொல்லிட்டுப் போங்கன்னு சொல்லவா?" என்றாள் வாங்கெலியோ. பிறகு அவளே சமாதானமாகி, வழியில் சாப்பிட ரொட்டி கட்டிக் கொடுத்தாள். கப்பலில் அவள் அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

காலையில் கப்பல் ஹியோஸில் இறக்கிவிட்டது. வாடகைக் காரில், பணக்காரர்களின் தோட்ட வீடுகள் இருக்கிற காம்போஸுக்குப் போனாள். அங்கே தெருக்கள் எல்லாம் ஆள் உயரத்துக்கு இருமடங்கு மதில்கள். மதிலுக்கு மேலே கிச்சிலி இலை மட்டும் எட்டிப் பார்க்கும். கலாவ்ரோஸ் வீட்டு இரும்புக் கதவு அகலத் திறந்திருந்தது. தோட்டக்காரக் கிழவர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பேரு?"

"மர்கெல்லா."

"அது தெரியும். எத்தனாவது?"

"என்னது?"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி சரி, வெயில்ல நிக்காத. உள்ள போம்மா."

வருகிற விருந்தாளிகளை எண்ணுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். பணக்காரர்கள் எதைத்தான் எண்ண மாட்டார்கள்!

கறுப்பும் வெள்ளையுமாகக் கூழாங்கல் பதித்த முற்றம். இறவைக் கிணற்றுப் பக்கம் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கப்பல் இருக்கிறது என்பது அவன் நிற்கிற நிற்பிலேயே தெரிந்தது.

"வாங்க வாங்க! நான் இசிதோரோஸ். இந்த வீட்டுப் பையன். யார்கூட வந்தீங்க?"

"தனியாத்தான்."

"தனியாவா! இன்னிக்கு நல்ல நாள்தான்" என்று சொல்லி, அவள் கையிலிருந்த இனிப்புப் பெட்டியை வாங்கக் குனிந்தான். மர்கெல்லாவின் கண் வழக்கம்போல உச்சிக்குப் போனது. இரண்டு சுழி. பக்கத்தில் பக்கத்தில், அச்சு அசலாக.

இரட்டைச் சுழி இருபது தலையில் ஒன்றுக்கு இருக்கும் என்பது அவளுக்குத் தெரியாதா? தொழிலே அதுதானே? அன்றைக்கு அதெல்லாம் ஞாபகத்துக்கே வரவில்லை. அண்ணனா, சித்தப்பாவா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். யாராக இருந்தாலும் இவளைப் பார்த்து இப்படிச் சிரிக்கக் கூடாத ஆள்.

"என்ன, தலையில ஏதும் பூச்சியா?" என்றான் அவன்.

"இல்ல. முடி... நல்லா இருக்கு."

"எல்லாப் பொண்ணும் என் படகைத்தான் பாப்பாங்க. முடியைப் பாத்த முதல் பொண்ணு நீங்கதான். சாயங்காலம் படகுல ஒரு சுத்து போலாமா?"

"எனக்கு நிச்சயமாயிடுச்சு."

"நிச்சயம்தானே ஆயிருக்கு?"

இனிமேலும் தாமதித்தால் பாவம் தன் தலையில் விழும் என்று பயந்து, அவள் சட்டைக்குள் ஒளித்திருந்த சிலுவையை வெளியே இழுத்தாள். மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. அது வரவில்லை. "இது என்னன்னு சொல்லுங்க" என்றுதான் வந்தது.

இசிதோரோஸ் சூடு பட்டவன் மாதிரி இரண்டடி பின்னால் போனான். தலையில் கையை வைத்துக்கொண்டான். "கடவுளே! இன்னொண்ணா! இந்தத் தீவுல லட்சணமா ஒரு பொண்ணு வந்தா அது எனக்குத் தங்கச்சியாத்தான் இருக்கணுமா?"

தங்கச்சி! சொல்லிவிட்டான்! அவள் அழலாமா கட்டிக்கொள்ளலாமா என்று யோசிப்பதற்குள் அவன் வீட்டின் பின்பக்கம் பார்த்துக் கத்தினான்: "பதினொண்ணு! ஏய் பதினொண்ணு! உங்க மந்தையில ஒண்ணு வழி தவறி முன்வாசல்ல நிக்குது. வந்து ஓட்டிக்கிட்டுப் போ!"

பின்முற்றத்தில் திராட்சைப் பந்தலின் கீழே நீள மேசை ஒன்று போட்டிருந்தது. அதைச் சுற்றி முப்பதுக்கு மேல் பெண்கள். ஒல்லி, குண்டு, கைக்குழந்தைக்காரி, கறுப்புக் கண்ணாடிக்காரி. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தியும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. எல்லோர் கழுத்திலும் அதே சிலுவை. ஒருத்தியினுடையது திரும்பிக் கிடந்தது: நட்சத்திரம், கிச்சிலிக் கிளை.

ஒரு வாரமாகக் கட்டிய கோட்டை பொலபொலவென்று உதிர்ந்தது. அவமானமாக இருந்தது. அப்படியே திரும்பி ஓடிவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் பதினொன்று என்று கூப்பிடப்பட்டவள் அதற்குள் அவள் தோளில் கையைப் போட்டுவிட்டாள். துறைமுகக் காவல் படையில் வேலை. அந்தக் கை விழுந்தால் கடத்தல்காரனே ஓட முடியாது.

"நீ எத்தனாவது?"

"எல்லாரும் ஏன் இதையே கேக்கறீங்க? நான் எதுலயும் எத்தனாவதும் இல்ல."

"நோனா யாரு, அது தெரியாமலா வந்தே? அடிப் பாவமே! உக்காரு. தண்ணி குடி." நோனா என்றால் அவர்கள் பாஷையில் ஞானத்தாய். பதினொன்று ஒரு கிண்ணத்தில் கிச்சிலிப் பாகை வைத்து முன்னால் தள்ளினாள். "இசிதோரோஸ் பொறந்தப்ப நீலம் பாரிச்சுக் கிடந்தான். டாக்டர் கைய விரிச்சிட்டாரு. நோனா புனித மர்கெல்லாகிட்ட நேந்துக்கிட்டாங்க: இவன் பொழைச்சா நாப்பது ஏழைப் பொண்ணுங்களுக்கு ஞானத்தாயா நின்னு உன் பேரை வைக்கிறேன்னு. அவன் பொழைச்சான். நாங்க நாப்பது பேரும் மர்கெல்லா ஆனோம். நம்பர் இல்லாட்டி எங்களைக் கூப்பிடவே முடியாது."

"அப்ப இந்தக் குறி? கப்பல் குறி?"

"அதுவா! கேப்டன் தொப்பிக்கு வில்லை அடிக்கற அச்சு தட்டான்கிட்ட ரெடியா இருந்துச்சு. கலாவ்ரோஸ் பெரியவரு மகா கஞ்சன். சிலுவைக்குன்னு தனியா இன்னொரு அச்சு எதுக்குன்னு அதையே அடிக்கச் சொல்லிட்டாரு. தலைக்கு மேல கேப்டனுக்கு, கழுத்துக்குக் கீழ எங்களுக்கு."

மேசையில் சிரிப்பு அலை அடித்தது. மர்கெல்லாவுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

"எல்லாம் பொண்ணுங்களே ஏன்?" என்று கேட்டாள், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"ஒரே ஞானத்தாய்க்குப் பிள்ளைங்கன்னா அண்ணன் தங்கச்சி ஆச்சே, கல்யாணம் பண்ணிக்க முடியுமா? நடுவுல ஒரு பையனுக்கு நோனா நின்னிருந்தா, பாவம், தீவுல பாதிப் பொண்ணு அவனுக்குத் தங்கச்சி. பொண்ணு தேடி அவன் துருக்கிக்குத்தான் நீஞ்சணும். இப்பவே இசிதோரோஸ் கதியைப் பாரு. முப்பத்தாறு வயசு ஆச்சு, யாரைப் பாத்து இளிச்சாலும் தங்கச்சி."

"நான் பொழைச்சதுக்கு தண்டனை" என்றான் இசிதோரோஸ், ஓர் அத்திப்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு.

பதினொன்று விரல் விட்டு எண்ணத் தொடங்கியிருந்தாள். வராதவர்கள் யார் யார்? நான்காவது கனடாவில். பத்தொன்பதாவதுக்குப் பிரசவம். எண்ணிக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள். "பிரேயஸ்லேர்ந்தா வர்றே?"

"த்ரபெட்சோனா."

"முப்பத்தெட்டு!" என்று பதினொன்று கத்திய கத்தலில் மேசை மொத்தமும் எழுந்து நின்றது. "அடியேய், முப்பத்தெட்டு வந்திருக்கா! இருபத்தி நாலு வருஷமா ஒரு தடவைகூடத் தலை காட்டினதில்ல. நெத்திலி மட்டும் வரும்!"

"என்ன நெத்திலி?"

ஒருத்தி விலகிக்கொள்ள, மேசையின் நடுப்பகுதி தெரிந்தது. வெள்ளித் தட்டுகளுக்கும் ரோஜாக் கொத்துகளுக்கும் இடையே ஒரு தகர டப்பா நின்றது. வாயில் நீலக் கோடு போட்ட துணி, மேலே மூன்று முடிச்சு, முடிச்சில் ஓர் எலுமிச்சை இலை.

அந்த முடிச்சு அவளுக்குத் தெரியும். அந்தத் துணி அவளுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டையில் கிழித்தது. ஒவ்வொரு ஜூலையிலும் அம்மா உப்பில் ஊறிய நெத்திலியை அப்படித்தான் கட்டுவாள். "தீவுல ஒரு வாடிக்கை. கப்பல்காரன்கிட்டக் குடுத்துட்டு வா, அவனுக்குத் தெரியும்" என்பாள். பத்து வயதிலிருந்து அந்த டப்பாவைக் கப்பல் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது யார்? மர்கெல்லாதான். அவள் யாரிடமிருந்து வந்தாளோ அந்த விலாசத்துக்குத் தன் கையாலேயே வருடா வருடம் மீன் அனுப்பியிருக்கிறாள்.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து நோனா வந்துவிட்டார். கோட்டையில் அவள் வைத்திருந்த முத்துமாலைக்காரி இல்லை. குட்டையாக, எழுபது வயதில், வீட்டுச் செருப்போடு ஒரு கிழவி. வடகாற்றில் கொண்டை அவிழ்ந்து வெள்ளை முடி நாலு திசைக்கும் பறந்துகொண்டிருந்தது. மர்கெல்லாவின் கன்னத்தை இரண்டு விரலால் பிடித்தார். கண் படாமல் இருக்க மூன்று முறை தூ தூ தூ என்று துப்பினார்.

"வந்துட்டியா. கப்பல் மூணு நாள் லேட்டானா நாங்க அபராதம் போடுவோம். நீ இருபத்தி நாலு வருஷம் லேட்டு."

மர்கெல்லாவின் கண் அந்தக் கொண்டைக்குப் போனது. "உக்காருங்க நோனா, கொண்டை அவுந்திருக்கு" என்றாள்.

கிழவி உட்கார்ந்தார். மர்கெல்லா பைக்குள்ளிருந்து சீப்பும் கொண்டை ஊசியும் எடுத்தாள். முடியில் கை வைத்தால் வாயைத் திறக்காத பெண் உலகத்தில் கிடையாது என்பது அவளுடைய ஆறு வருட அனுபவம். உச்சியைப் பார்த்தாள். ஒற்றைச் சுழி. தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் பார்த்தாள்.

"நான் யாரோட பொண்ணு நோனா? என்னை ஏன் குடுத்தாங்க?"

மேசையில் இருந்தவர்கள் நாற்காலிகளைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"அந்த வருஷம் இதே திருநாள்" என்று நோனா தொடங்கினார். "கடற்கரைக் கோயில் முற்றத்துல ஒரு மூலையில பதினேழு வயசுப் பொண்ணு, மடியில நாப்பது நாள் குழந்தை. பேரு ஸ்தமாதா. மரத்துல பிசின் எடுக்கற கிராமத்துக்காரி. அவ அப்பன் கதவைச் சாத்திட்டான். குழந்தையோட அப்பன் கப்பல்ல போனவன், போனவன்தான். என் கப்பல்தான். அதையும் சொல்லிடறேன், நான் மறைக்கல. இன்னொரு மூலையில ஒரு மீன்காரி. பிரேயஸ்லேர்ந்து வந்து, வாசல்லேர்ந்து முட்டியாலயே நடந்து வந்திருக்கா, முட்டி பூரா ரத்தம். பத்து வருஷமாப் பிள்ளை இல்ல. ஒருத்தி புள்ளைய வச்சுக்கிட்டு அழறா, ஒருத்தி புள்ளை இல்லாம அழறா. அன்னிக்குப் புனிதைக்கு நல்ல கூட்டம், ரெண்டு பேர் பேச்சும் காதுல விழல போல. நான்தான் நடுவுல நின்னு கத்த வேண்டியிருந்துச்சு."

"அவங்க உடனே குடுத்துட்டாங்களா?"

"உடனேவா! மூணு நாள். மீன்காரியோட கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. நான் சொன்னேன், பொண்ணே, நான் வளக்கறேன், இந்த வீட்டுல இடமா இல்லன்னு. அவ என்ன சொன்னா தெரியுமா?" கிழவி சீப்பு பிடித்த கையைத் தேடித் தொட்டார். "'உங்க வீட்டுல வளந்தா வேலைக்காரியா வளருவா நோனா. இவங்க வீட்டுல பொண்ணா வளருவா'ன்னா. பதினேழு வயசு. எனக்கு அன்னிக்கு ஒரு அறை வாங்கின மாதிரி இருந்துச்சு. சரியான அறை."

மர்கெல்லா கொண்டை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவளிடம் எந்தக் குறையும் இருந்ததில்லை. அவளுக்கு நல்லது எது என்று ஒருத்தி மூன்று நாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். கண்ணீர் பொலபொலவென்று கிழவியின் வெள்ளை முடியில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

பதினொன்று உள்ளே ஓடிப்போய் ஒரு புகைப்பட ஆல்பத்தைக் கொண்டுவந்தாள். முப்பத்தெட்டாவது பக்கம். ஞானஸ்நானம் முடிந்ததும் ஞானத்தாய் பிள்ளையைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். தாய் மண்டியிட்டு, ஞானத்தாயின் கையை முத்தமிட்டு வாங்கிக்கொள்வாள். படத்தில் நோனா, கறுப்பு முடியோடு, துணி சுற்றிய ஒரு மூட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். எதிரே காயம் பட்ட முட்டியோடு மண்டியிட்டு, இரண்டு கையையும் நீட்டியிருந்தவள் வாங்கெலியோ. மீன் கத்தி பட்ட இரண்டு விரலில் கட்டு. படத்தின் ஓரத்தில், தலையில் துணி கட்டிய ஒல்லிப் பெண் ஒருத்தி நின்றாள். அவளுடைய ஒரு கை வாங்கெலியோவின் முதுகில் இருந்தது.

"யாரு தாய்னு பாதிரியார் கேட்டாரு" என்றார் நோனா. "ஸ்தமாதாதான் உங்கம்மாவை முன்னால தள்ளிவிட்டா. இப்ப மெல்போர்ன்ல இருக்கா. மூணு பையனுங்க. வருஷத்துக்கு ஒரு கார்டு. விலாசம் இருக்கு, நீயா வந்து கேட்டாத்தான் குடுக்கச் சொன்னா. கேக்கறியா?"

"கேக்கறேன். அவங்களுக்கு ரெட்டைச் சுழியா நோனா?"

"தலையில எப்பவும் துணி. எனக்கெப்படித் தெரியும்? எழுதிக் கேளு."

"அம்மா ஏன் சொல்லல? நீங்க அமெரிக்காவுல இருக்கறதா ஏன் பொய் சொன்னா?"

"எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அவளா வர்ற வரைக்கும் நீங்க வராதீங்க. உங்க வாசலைப் பாத்துட்டா என் கடை வாசல் அவளுக்குச் சின்னதாத் தெரியும்னா. எனக்குக் கோவம்தான். ஆனா வருஷம் தவறாம டப்பா வந்துச்சு. டப்பாவுக்குள்ள ஒரு சீட்டு. உனக்குப் பல்லு மொளைச்சது, பள்ளிக்கூடத்துல ஒருத்தன் மூக்கை உடைச்சது, உங்கப்பா மனோலிஸ் செத்தது, நீ கத்திரி பிடிச்சது, எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வருஷத்துச் சீட்டை இன்னும் பாக்கல. நீயே பிரி."

மூன்று முடிச்சையும் அவளுடைய பழகிய கை தானாகவே அவிழ்த்தது. துணிக்கும் மூடிக்கும் நடுவில் மீன் சுற்றுகிற காகிதத்தில் ஒரு துண்டு. வாங்கெலியோவுக்கு எழுத்து வசப்படாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"நோனாவுக்கு. செப்டம்பரில் கல்யாணம். பையன் நல்லவன். ஞானத்தாய்தான் பக்கத்தில் நின்று இருவருக்கும் மாலை மாற்றிவிட வேண்டும், அது உங்கள் உரிமை, நான் பறிக்க மாட்டேன். சான்றிதழ் அனுப்புங்கள். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் சொல்லலாம் என்று எழுந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. அவள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?"

மர்கெல்லா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு போனை எடுத்தாள். நாற்பதுக்கு நாலைந்து குறைவான மர்கெல்லாக்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். இங்கிதம் என்பது அந்தத் தீவில் அவ்வளவாக விளைவதில்லை.

மறுமுனையில் தட்டுச் சத்தம், விருந்தாளிகள் சத்தம், எல்லாவற்றுக்கும் மேலே வாங்கெலியோ: "எங்கடி இருக்கே? வீடு பூரா ஆளு! எதிர்வீட்டுக்காரி ரெண்டு கேக் தின்னுட்டு உன்னைக் கேக்கறா! அந்த ஏகினாக்காரிக்கு முடி வாரி முடிஞ்சுதா இல்லையா?"

"அம்மா. நெத்திலி வந்து சேந்துடுச்சும்மா."

எட்டு ஊருக்குக் கேட்கிற அந்தக் குரல் நின்றுபோனது. பின்னால் யாரோ சிரிப்பதும், ஒரு கதவு சாத்தப்படுவதும் கேட்டன. விருந்தாளிகளின் சத்தம் அடங்கியது.

"உப்பு... சரியா இருக்கா?" என்றாள் வாங்கெலியோ, கடைசியில்.

மர்கெல்லா டப்பாவிலிருந்து ஒரு நெத்திலியை விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரியா இருக்கும்மா. எப்பவும் போல."

"நீ... அங்கயே இருக்கப் போறியா?"

அதைக் கேட்டதும் நோனா, நானும் வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு, பெட்டி கட்டச் சொல்லிப் பதினொன்றை உள்ளே விரட்டினார்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்குக் காலையில வீட்டுல இருப்பேன். நோனாவும் என்கூட வர்றாங்களாம். இப்பவே பெட்டி கட்டச் சொல்லிட்டாங்க. கடையைப் பாக்கணுமாம்."

"ஐயையோ!" குரல் திரும்ப எட்டு ஊருக்கு ஏறியது. மேசைக் கோடியில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டது. "கடை கழுவாமக் கிடக்கே! தரை பூரா செதிலு! அவங்க வந்து அதையா பாக்கணும்? நான் இப்பவே..."

"நீ ஒண்ணும் கழுவாத" என்றாள் மர்கெல்லா. "அந்த வாளிய மட்டும் எடுத்து வை. நான் வந்து கழுவறேன்."